சாயம் ஏறுமுன்

"ஆளைக் காணோம்னு போலீஸ்ல போய் நின்னா, வளர்ந்த மனுஷன், ரெண்டு நாள்ல தானா வந்துடுவார்ங்கறாங்க மேடம். என் அண்ணனுக்கு நாளைக்குள்ள டயாலிசிஸ் நடக்கலைன்னா அவரா வரமாட்டார். நாலு பேர் தூக்கிட்டு வரணும்."

சொல்லிவிட்டு அந்த மனிதர் தன் கைகளை மேசைக்கு அடியில் ஒளித்துக்கொண்டார். நடுங்குவது தெரியக் கூடாதாம். ஆனால் கத்திரிக்குத் தெரிந்துவிட்டது. இருபது வருஷம் இன்ச் டேப்போடு வாழ்ந்தவன் அவன். அடுத்தவர் தோள் எங்கே இறங்குகிறது, கை எங்கே போய் ஒளிகிறது என்பதெல்லாம் கேட்காமலே அவன் கண்ணில் விழும்.

கத்திரி என்பது அவன் தையற்கடை வைத்திருந்தபோது ஒட்டிக்கொண்ட பெயர். கடை போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது, நாக்கு மட்டும் இன்னும் கூராக இருந்தது. நாற்பத்தாறு வயதில் மேடத்திடம் உதவியாளனாகச் சேர்ந்தான். மேடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் முப்பது வருஷம் பொய்க் கோரிக்கைகளைக் கண்டுபிடித்தவர். ஓய்வு பெற்றதும் கண்ணாடிக் கடை மாடியில் ஒரே ஓர் அறையைப் பிடித்துத் துப்பறியும் அலுவலகம் என்று போர்டு மாட்டினார். பொய் சொல்கிறவர்களை விட்டு அவரால் இருக்க முடியவில்லை என்பது கத்திரியின் கட்சி.

"முதல்ல இருந்து சொல்லுங்க. நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"லிஃப்ட் மெக்கானிக். அண்ணன் ஸ்கூல் வேன் ஓட்டிட்டிருந்தார். அப்பா போனப்ப எனக்கு ஒன்பது வயசு. அண்ணன்தான் வளர்த்தார். ஆறு வருஷமா கிட்னி ரெண்டும் வேலை செய்யலை. செவ்வாய், வியாழன், சனி, வாரம் மூணு நாள் டயாலிசிஸ். அடுத்த மாசம் என் கிட்னி ஒண்ணை அவருக்கு வைக்கறதா முடிவாயிருக்கு."

கத்திரி நிமிர்ந்து உட்கார்ந்தான். கடவுளே வந்து எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தது போல இருந்தது அவனுக்கு.

"ஆபரேஷனை நெஞ்சு தாங்குமான்னு பாக்கணும்னு டாக்டர் சொன்னார். டயாலிசிஸ்ல இருக்கறவங்களுக்கு கிட்னியைவிட இதயத்தாலதான் ஆபத்து அதிகமாம். அதுக்கு ஒரு ஸ்கேன். கையில ஊசி வழியா ஒரு சாய மருந்தை ஏத்துவாங்க, இதயத்து ரத்தக்குழாயெல்லாம் படத்துல பளிச்சுனு தெரியும். திங்கட்கிழமை காலையில போனார். டாக்டர் ஆபீஸ்ல இருந்து ஏதோ ஃபோன் வந்துச்சாம், அதைக் கேட்டதும் எழுந்து போயிட்டாராம். அவ்வளவுதான். இன்னைக்கு புதன்."

"கடைசியா டயாலிசிஸ் எப்ப?"

"சனிக்கிழமை."

மேடம் விரல் விட்டு எண்ணவில்லை. ஆனால் அறையில் இருந்த மூன்று பேருமே எண்ணினார்கள்.

மனிதர் சட்டைப் பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்து வைத்தார். ஐம்பது வயதுக்காரர் ஒருவர் வேன் கதவில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். கத்திரி முகத்தைப் பார்க்கவில்லை, சட்டையைப் பார்த்தான். இடது கை முழுவதும், தோளிலிருந்து மணிக்கட்டு வரை, வரிசையாகப் பிரஸ் பட்டன்.

"யாரு சார் தைச்சது? தொழில்காரன் தைச்ச மாதிரி இருக்கு."

"அண்ணி. மெஷின் ஊசி குத்தறது இடது கையில. ஒவ்வொரு தடவையும் சட்டையைக் கழட்டினா குளிருதுன்னு அவங்களே இப்படித் தைச்சாங்க."

"நானா இருந்தா வலது கைக்கும் வெச்சிருப்பேன். ஒரு பக்கம் மட்டும் திறந்தா மனசு கோணிக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. மேடம் மட்டும் புகைப்படத்திலிருந்து பார்வையை எடுத்து அந்த மனிதரின் முகத்தில் வைத்தார்.

"ஃபோன் வந்துச்சுன்னு உங்ககிட்ட யார் சொன்னாங்க?"

"ஸ்கேன் சென்டர்லதான்" என்றார் தம்பிக்காரர்.

*

ஸ்கேன் சென்டரில், ஸ்கேன் எடுக்கும் வட்ட மெஷின் இருக்கும் அறைக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட சின்ன அறை. அதற்குள் டெக்னீஷியன் பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். மேடம் தன் அடையாள அட்டையைக் காட்டியதுமே அவள் எழுந்து கதவைச் சாத்தினாள்.

தம்பிக்காரரைக் கீழே காரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள். "கூட்டம் சேர்ந்தா வாய் திறக்காது" என்று மேடம் சொல்லியிருந்தார்.

"அவருக்கு ஏதாவது ஆயிடுச்சா?" என்றாள் அவள்.

"ஆகறதுக்கு முன்னாடி கண்டுபிடிக்கணும். அன்னைக்கு என்ன நடந்தது?"

"பாத்ரூம் போறேன்னு போனார், திரும்பி வரலை."

"அது வீட்டுக்காரங்களுக்குச் சொன்னது. எனக்குச் சொல்லுங்க."

அவள் பேனா மூடியைக் கழற்றி மாட்டினாள், மறுபடி கழற்றினாள். கத்திரிக்கு ஒரு கிண்டல் நுனிநாக்கு வரை வந்தது. அவள் கண் நிறைந்திருப்பதைப் பார்த்து விழுங்கினான்.

"சத்தியமா அவர் பயப்படவே இல்லை மேடம். சாயம் உள்ள போறப்ப உடம்பெல்லாம் சூடா ஓடும், பயந்துடாதீங்கன்னு சொன்னேன். 'எங்க வேன் ரேடியேட்டரைவிடவா சூடு?'ன்னு சிரிச்சார். கிட்னி நல்லா இருக்கறவங்களுக்கு அந்த மருந்து தானா வெளியே போயிடும், இவருக்கு மெஷின்தான் எடுக்கணும். அதனால அடுத்த நாளே டயாலிசிஸ் இருக்கற மாதிரி டாக்டர் பாத்துத்தான் தேதி குடுத்திருந்தார். எல்லாம் யோசிச்சு வெச்சதுதான். வலது கையில ஊசியும் போட்டாச்சு. அப்பத்தான் இந்த ஃபோன் அடிச்சது."

மேசை மேல் இருந்த பழைய ஃபோனைக் காட்டினாள்.

"ஆம்பிளைக் குரல். டயாலிசிஸ் டாக்டர் ஆபீஸ்ல இருந்து பேசறேன், அவர்கிட்ட குடுங்கன்னாங்க. குடுத்தேன். சாயம் போட்டுக்காதீங்க, உங்க நெஞ்சு தாங்காது, அங்கயே நின்னுடும்னு சொன்னது எனக்கே லேசாக் கேட்டுச்சு. நான் என்ன பண்ணியிருக்கணும்? டாக்டருக்குத் திருப்பி ஒரு ஃபோன் அடிச்சு, நிஜமான்னு கேட்டிருக்கணும். வெளியில பதினோரு பேர் காத்திருந்தாங்க. கேக்கலை. அப்புறம் சாயங்காலம், எதுக்குன்னு சொல்லாம, எங்க சென்டருக்கு இன்னைக்கு யாராவது பேசினீங்களான்னு மட்டும் அங்க கேட்டேன், யாருமே பேசலைன்னுட்டாங்க. வேலை போயிடும்னு பயந்து ஃபோன் விஷயத்தையே மறைச்சுட்டேன். இதுவரைக்கும் ஒரு உயிர்கிட்டகூட சொல்லலை. உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன்."

மேடம் கத்திரியைத் திரும்பிப் பார்த்தார். கத்திரிக்கு அந்தப் பார்வையின் அர்த்தம் அப்போது புரியவில்லை. தன் சட்டையில் ஏதோ சிந்தியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

"ஃபோன்ல அவர் என்ன பதில் சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லலை. கேட்டுக்கிட்டே இருந்தார். அந்தப் பக்கம் ஃபோனை வெச்சுட்டாங்க, டொய்ங்னு சத்தம் எனக்குக் கேட்டுச்சு. அதுக்கப்புறமும் இவர் காதுல இருந்து எடுக்கலை. கொஞ்ச நேரம் கழிச்சு, 'நீ சாப்பிட்டியா?'ன்னு கேட்டார்."

"வெச்ச ஃபோன்லயா?"

"வெச்ச ஃபோன்லதான். அப்புறம் ஊசியை எடுத்துடும்மான்னார். எடுத்து, அழுத்திப் பிடிச்சு, பஞ்சு வெச்சு ஒட்டினேன். போறப்ப ஒரு உதவி கேட்டார். அவர் ஃபைல்ல இருந்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை ரெண்டு ஜெராக்ஸ் எடுத்துக் குடுக்கச் சொன்னார்."

"எந்த ரிப்போர்ட்?"

"மஞ்சள் காமாலைக் கிருமி, எய்ட்ஸ் கிருமி எதுவும் இல்லைன்னு சொல்ற ரிப்போர்ட்."

மேடத்தின் முகத்தில் அன்று முதல் தடவையாக வெளிச்சம் வந்தது.

படியில் இறங்கும்போது கத்திரி கேட்டான். "காணாமப் போறவன் துணிமணி எடுப்பான், போர்வை எடுப்பான். ஜெராக்ஸ் எடுக்கறவனை இப்பத்தான் மேடம் பாக்கறேன்."

"அதான் நல்ல சேதி. அந்த ரிப்போர்ட் இல்லாம புது இடத்துல யாரும் டயாலிசிஸ் மெஷின்ல ஏத்த மாட்டாங்க. சாகப் போறவனுக்கு அது எதுக்கு? வீட்டை விட்டு ஓடலாம், ஊரை விட்டு ஓடலாம், மெஷினை விட்டு ஓட முடியாதுன்னு அவருக்குத் தெரியும். மனுஷனைத் தேடாதே கத்திரி. மெஷினைத் தேடு."

*

சுற்று வட்டாரத்தில் பதினான்கு டயாலிசிஸ் சென்டர்கள் இருந்தன. பெயரைச் சொல்லி ஃபோனில் விசாரித்தால் நோயாளி விவரம் தரமாட்டோம் என்று வைத்துவிட்டார்கள். சரிதான், தரக் கூடாதுதான். மூன்று இடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு கத்திரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு பழைய தொழிலுக்குத் திரும்பினான்.

"வணக்கம் மேடம், டெய்லர் கடையில இருந்து பேசறேன். இடது கை பூரா பிரஸ் பட்டன் வெச்ச சட்டை போட்டிருப்பாரே ஒருத்தர், அதே மாதிரி இன்னொண்ணு தைக்கக் குடுத்தார். உங்க சென்டர்லதான் இருப்பேன்னார். ரெடியாயிடுச்சு. எப்பக் கொண்டு வரட்டும்?"

ஆறு இடத்தில் அப்படி யாருமில்லை என்றார்கள். ஏழாவது இடத்தில் ஒரு நர்ஸ் குரல் சிரித்தது.

"அட, நீங்கதான் தைச்சீங்களா? எங்க பேஷன்ட்டுங்க எல்லாரும் அந்தச் சட்டையையேதான் பாத்துட்டிருக்காங்க. நேத்தே வந்தார், மெஷின் காலி இல்லை. இன்னைக்கு ரெண்டரைக்கு ஏத்தறோம். அளவு நாடாவோட வாங்க, இன்னும் அஞ்சாறு ஆர்டர் கிடைக்கும்."

ஃபோனை வைத்ததும் கத்திரிக்கு நெஞ்சு குளிர்ந்தது. காரின் பின்சீட்டில் இருந்த தம்பிக்காரர் விஷயத்தைக் கேட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். விசும்பி விசும்பி, ஒன்பது வயதுப் பிள்ளை மாதிரி. வழி நெடுக ஒன்றரை மணி நேரம் அவர் கேட்டது ஒரே கேள்விதான். "என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

"சட்டையைப் பத்தித்தான் சார் பேச்சு" என்றான் கத்திரி.

சென்டர் வாசலில் தம்பிக்காரர் கதவைத் திறக்கப் போனபோது மேடம் தடுத்தார். "முதல்ல நாங்க போறோம். திடீர்னு உங்களைப் பாத்து அவர் பதறிடக் கூடாது." குரல் மென்மையாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த மனிதர் அடி வாங்கினவர் போல உள்ளே சரிந்து உட்கார்ந்தார்.

*

நீளமான கூடம். சுவரோரம் எட்டு சாய்வு நாற்காலிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஆள் உயர மெஷின். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய்களில் ரத்தம் வெளியே போய்ச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தது. கடைசி நாற்காலியில் அந்தச் சட்டை. இடது கைப் பட்டன்கள் திறந்திருந்தன.

"டெய்லர் வந்துட்டாரா?" என்றார் அண்ணன்காரர். முகம் வீங்கியிருந்தது. கணுக்கால் சாக்ஸ் ரப்பர் சதைக்குள் புதைந்திருந்தது. "நான் யார்கிட்டயும் சட்டை தைக்கக் குடுக்கலையே. உங்களை யார் அனுப்பினது?"

மேடம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தம்பி அனுப்பித்தான் தேடி வந்தோம் என்று மறைக்காமல் சொன்னார். அண்ணன்காரர் கூரையைப் பார்த்தார்.

"எடை பாத்தாங்க. நாலரை கிலோ தண்ணி ஏறியிருக்காம். ஐஸ் கட்டியை வாயில போட்டே ரெண்டு நாளை ஓட்டினேன், அப்படியும் ஏறிடுச்சு. லாட்ஜ்ல படுத்தா மூச்சு முட்டுது. உக்காந்தே தூங்கினேன்."

"ஸ்கேன் வேண்டாம்னு யார் சார் சொன்னது?"

"டாக்டர் ஆபீஸ்ல."

"அங்க யாரும் சொல்லலையாம்."

"அப்ப யாராவது தப்பா சொல்லியிருப்பாங்க. எனக்கே பயம்தான்னு வெச்சுக்கோங்க. நான் ஸ்கேன் எடுத்துக்கலை. நான்தான் ஓடிட்டேன். அப்படியே எழுதிக்கோங்க. எல்லாத் தப்பும் என்னோடதுன்னு எங்க வீட்லயும் சொல்லிடுங்க." அவர் கத்திரி பக்கம் திரும்பி, பேச்சை மாற்றுவதற்காகவே கேட்டார். "இந்தக் கையைத் தொட்டுப் பாருங்க டெய்லர். மெஷினுக்காக உள்ள ரத்தக்குழாய் ரெண்டைச் சேர்த்துத் தைச்சிருக்காங்க. தொட்டா பூனை உறுமற மாதிரி இருக்கும்."

கத்திரி தொட்டான். உறுமியது. அவனுக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடித்துப் போயிற்று. பிடித்துப்போன ஆளிடம் அவன் வாய் எப்போதும் ஒரு முழம் நீளும். நீண்டது.

"நல்ல தையல் சார். ஆனா உங்க தம்பியைத்தான் பாக்க முடியலை. ரெண்டு நாளா பல்லுல பச்சைத் தண்ணி படலை. கண்ணு உள்ள போயி, கை நடுங்கி... டயாலிசிஸ் உங்களுக்கா அவருக்கான்னே தெரியலை. அழுதே நாலரை கிலோ இறக்கிட்டார்."

அண்ணன்காரர் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"அவன் சாப்பிடலையா? நான் போயிட்டா அவன் நிம்மதியா இருப்பான்னு..."

வாக்கியம் முடியவில்லை. வலது கை நெஞ்சின் நடுவில் போய் அழுந்தியது. நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. மெஷின் கீச்சிட்டது. நர்ஸ் ஓடி வந்து நாற்காலியைச் சாய்த்துக் காலை உயர்த்தினாள். "தண்ணி எடுக்கறதை நிறுத்து! டாக்டரைக் கூப்பிடு! ஆம்புலன்ஸ்!"

கத்திரி சுவரோடு ஒட்டி நின்றான். என் வாய், என் பாழாய்ப்போன வாய் என்று திரும்பத் திரும்ப அதுவே ஓடியது அவனுக்குள்.

*

பெரிய ஆஸ்பத்திரியின் இதயப் பிரிவு வராந்தா. அண்ணிக்கு ஃபோன் போயிருந்தது, வந்துகொண்டிருந்தார். தம்பிக்காரர் பெஞ்சு நுனியில் உட்கார்ந்திருந்தார். சாயங்கால வெயில் தரையில் நீளமாக விழுந்திருந்தது.

இதய டாக்டர் வெளியே வந்து நின்றபடியே பேசினார். இளம் வயதுப் பெண்மணி.

"ரத்தக்குழாய்ல அடைப்பு இருக்கு. எங்கன்னு பாத்து உடனே திறக்கணும். அதுக்குச் சாய மருந்து ஏத்தாம முடியாது. அவருக்குக் கொஞ்சநஞ்சம் சிறுநீர் போகுது, அது இதனால குறையலாம். அதை மறைக்க விரும்பலை. ஆனா இப்ப கிட்னியைக் காப்பாத்தறேன்னு இதயத்தை விட முடியாது. எவ்வளவு குறைவா முடியுமோ அவ்வளவு குறைவாத்தான் போடுவோம். அவர் சம்மதிச்சுட்டார். சொந்தக்காரங்க ஒரு கையெழுத்து வேணும்."

தம்பிக்காரர் பேனாவை வாங்கினார். "திங்கட்கிழமை அந்த ஸ்கேன் எடுத்திருந்தா?"

"அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். இந்த வலி வர்ற வரைக்கும் விட்டிருக்க மாட்டோம்."

கையெழுத்தின் கடைசிக் கோட்டில் பேனா முனை பேப்பரைக் கிழித்தது. டாக்டர் உள்ளே போனார்.

கத்திரி டாக்டர் பின்னாலேயே இரண்டு எட்டு ஓடினான். "டாக்டரம்மா, நான் ஒரு கிண்டல் பண்ணேன். அதைக் கேட்டுத்தான்..."

"அடைப்பு மாசக்கணக்கா வளர்ந்தது. உங்க கிண்டல் எத்தனை மாசமா நடக்குது?" கதவு மூடிக்கொண்டது. அது ஆறுதல்தான். ஆனால் கத்திரிக்கு ஏறவில்லை.

அவன் திரும்பி வந்தபோது மேடம் தம்பிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"இந்தத் தடவை ஃபோன் பண்ணலையா?" என்று கேட்டார்.

சத்தமே போடவில்லை. நேரம் என்ன என்று கேட்பது போலத்தான் கேட்டார். தம்பிக்காரர் நிமிரவில்லை.

"திங்கட்கிழமை ஃபோன் வந்த விஷயம் மூணே பேருக்குத்தான் தெரியும். பேசினவர், கேட்டவர், ரிசீவரை எடுத்துக் குடுத்த பொண்ணு. அந்தப் பொண்ணு பயந்துபோய் எங்ககிட்ட சொல்ற வரைக்கும் வெளிய விடலை. உங்க அண்ணன் வீட்டுக்கே வரலை. ஆனா காலையில என் மேசைக்கு எதிர்ல உக்காந்து, டாக்டர் ஆபீஸ்ல இருந்து ஃபோன் வந்துச்சாம்னு நீங்க சொன்னீங்க. அப்ப அந்த மூணு பேர்ல நீங்க யாரு?"

சாயம் வெளுத்துப் போச்சு என்று ஒரு வசனம் கத்திரியின் நாக்கில் தயாராக வந்து நின்றது. அதையும் எச்சிலோடு சேர்த்து விழுங்கினான்.

"கொல்லணும்னு இல்லை மேடம்" என்றார் தம்பிக்காரர். தரையிடம்தான் சொன்னார்.

"தெரியும். தள்ளிப் போடணும்னு."

"ஸ்கேன் நடக்கலைன்னா ஆபரேஷன் தள்ளிப் போகும். ஒரு மாசம், ரெண்டு மாசம். அதுக்குள்ள தைரியம் வந்துடும்னு நினைச்சேன். நாப்பது மாடி உயரத்துல ஒரு கம்பியைப் பிடிச்சுக்கிட்டு லிஃப்டுக்கு மேல நிப்பேன் மேடம், கால் நடுங்கினதில்லை. வயித்தைக் கிழிச்சு ஒண்ணை எடுப்பாங்கன்னு நினைச்சா ராத்திரி சட்டை நனைஞ்சுடுது. எனக்கு ரெண்டு பொம்பளைப் பிள்ளைங்க. ஆஸ்பத்திரியில தனியாக் கூப்பிட்டு, உனக்கு முழு சம்மதமான்னு கேட்டாங்க. தலையாட்டிட்டேன். வீட்ல ஒரு உயிர்கூட அதைக் கேட்கலை. அண்ணி என் காலைத் தொட்டுக் கும்பிட்டுட்டாங்க. தெய்வம்னுட்டாங்க. தெய்வம் ஆனப்புறம் எப்படி மேடம் பின்வாங்கறது?"

"அதுக்கு டாக்டர் ஆபீஸ் குரலா?"

"மூக்கைப் பிடிச்சுக்கிட்டுப் பேசினேன். சாயத்துல கிட்னி கெடும்னு ஃபோன்ல எதையோ படிச்சேன். அதை நெஞ்சு நின்னுடும்னு மாத்தினேன். நம்பிட்டார். என்னை நம்பித்தானே எழுந்து போனார்?"

மேடம் ஒரு கணம் தயங்கினார். சொல்லலாமா என்று யோசிப்பது தெரிந்தது. முப்பது வருஷத்தில் அவர் இப்படித் தயங்கிக் கத்திரி பார்த்ததில்லை. அவன் பார்த்ததே நாலு வருஷம்தான், இருந்தாலும்.

"நம்பலை" என்றார். "நீங்க ஃபோனை வெச்சப்புறம் அவர் வெறும் ரிசீவர்ல ஒரு கேள்வி கேட்டாராம். 'நீ சாப்பிட்டியா?'ன்னு. டாக்டர் ஆபீஸ் ஆளை யாராவது நீன்னு கூப்பிடுவாங்களா? சாப்பிட்டியான்னு கேப்பாங்களா? மூக்கை மூடினாலும் வாயை மூடினாலும், ஒன்பது வயசுல இருந்து கேட்ட குரல் அவருக்குத் தெரியாதா? ஸ்கேனுக்குப் பயந்து அவர் ஓடலை. கிட்னி தரமாட்டேன்னு நீங்க வாய் திறந்து சொல்ல வேண்டிய அவசியமே வரக் கூடாதுன்னு, பழியைத் தன் தலையில போட்டுக்கிட்டுப் போனார். இன்னைக்கு எங்ககிட்டயும் உங்க பேரைச் சொல்லலை."

தம்பிக்காரரிடமிருந்து அழுகை வரவில்லை. காரில் அழுத அழுகை இப்போது வரவே இல்லை. சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தார். கத்திரிக்கு அவரைத் திட்டவும் தோன்றவில்லை, தேற்றவும் தோன்றவில்லை. அந்த இடத்தில் தான் இருந்திருந்தால் என்ன குரலில் பேசியிருப்போம் என்று மட்டும் யோசித்தான். யோசிக்கப் பிடிக்கவில்லை.

இரண்டு இடத்தில் அடைப்பு. குழாயை விரித்துப் பிடிக்க இரண்டு ஸ்டென்ட். ஏழு மணிக்குள் டாக்டர் வெளியே வந்து, பிழைத்துக்கொண்டார் என்றார். அண்ணி மூச்சு வாங்க ஓடி வந்து மைத்துனர் தோளில் சாய்ந்து, "நீதான் தேடிக் கண்டுபிடிச்சுக் கொண்டு வந்தே, நீ நல்லா இருக்கணும்" என்று அழுதபோது, அந்த மனிதர் முகத்தைப் பார்க்க முடியாமல் மேடமும் கத்திரியும் ஒரே நேரத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

*

மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பார்வையாளரை விட்டார்கள். தம்பிக்காரர் மேடத்தையும் கத்திரியையும் கூடவே வரச் சொன்னார். "நீங்க வாசல்ல நில்லுங்க. இல்லைன்னா நான் பாதியில வேற ஏதாவது பேசிட்டு வந்துடுவேன்."

அவர்கள் கதவோரம் நின்றார்கள். அண்ணன்காரர் தலையணையை உயர்த்திச் சாய்ந்திருந்தார். நெஞ்சில் கம்பிகள். வீக்கம் வடியவில்லை.

"வாடா" என்றார். "அந்த டாக்டர் ஆபீஸ்காரங்க பண்ண குழப்பத்தால..."

"நான்தாண்ணா பேசினது."

"அதை விடு."

"விட முடியாதுண்ணா. நான்தான் பேசினேன். உனக்குத் தெரிஞ்சும் போயிட்டே. எனக்குப் பயமா இருக்கு. தைரியம் வரும் வரும்னு பாத்தேன், வரலை. என்னால..." கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "என்னால முடியாதுண்ணா. என் கிட்னியைக் குடுக்க முடியாது."

சொல்லிவிட்டார். மானிட்டர் பீப் பீப் என்று எண்ணிக்கொண்டிருந்தது.

பரவாயில்லைடா என்று சொல்வார் என்று கத்திரி எதிர்பார்த்தான். அண்ணன்கள் அப்படித்தான் சொல்வார்கள். அந்த மனிதர் நெஞ்சில் ஒட்டியிருந்த கம்பி ஒன்றை விரலால் நீவிக்கொண்டிருந்தார்.

"பரவாயில்லைன்னு சொல்லத்தான் பாக்கறேன்" என்றார் கடைசியில். "லாட்ஜ்ல ரெண்டு நாள் அதைத்தான் சொல்லிப் பாத்துக்கிட்டேன். இப்ப வாய் வரமாட்டேங்குது. எனக்கு வருத்தமா இருக்குடா. உனக்குப் பிடிக்கலைன்னு ஆரம்பத்துலயே எனக்குத் தெரியும். டெஸ்ட்டுக்கு ரத்தம் எடுத்த அன்னைக்கே உன் மூஞ்சியில தெரிஞ்சுது. ஆனா கேக்கலை. கேட்டா இல்லைன்னு சொல்லிடுவியேன்னு கேக்கலை. எனக்கு அது வேணும்னு இருந்துச்சு. ஆறு வருஷம்டா. ஒரு சொம்புத் தண்ணியை முழுசாக் குடிக்கணும்னு இருந்துச்சு."

தம்பிக்காரர் அப்போதுதான் அழுதார். அண்ணன்காரரும் அழுதார். இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்து அழுதார்கள். மேடம் கைப்பையைத் திறந்து எதையோ தேடுவது போல நின்றார்.

"என் பேரைக் கிட்னிக்குக் காத்திருக்கறவங்க லிஸ்ட்ல எழுதச் சொல்லணும்" என்றார் அண்ணன்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "உங்க அண்ணிகிட்ட நான் சொல்றேன்."

"இல்லண்ணா. நான் சொல்றேன்."

"திட்டுவா."

"திட்டட்டும்."

ஒரு ஆள் டயாலிசிஸ் மெஷினைச் சக்கரத்தில் உருட்டிக்கொண்டு வந்தான். வியாழக்கிழமை. நேற்று பாதியில் நின்றதை இன்று கட்டில் பக்கத்திலேயே வைத்து முடிக்கப் போகிறார்களாம். நர்ஸ் வந்து எல்லோரையும் வெளியே போகச் சொன்னாள்.

"இவன் இருக்கட்டும் சிஸ்டர்" என்றார் அண்ணன்காரர். பிறகு தம்பியிடம், "நாலு மணி நேரம் ஆகும். ஆறு வருஷத்துல நீ ஒரு தடவைகூட உள்ள வந்து பாத்ததில்லை. வாசல்ல விட்டுட்டு ஓடிடுவே."

"ரத்தம் சுத்தறதைப் பாக்க முடியாதுண்ணா."

"தெரியும். மெஷினைப் பாக்காதே. என்னைப் பாத்து உக்காரு."

தம்பிக்காரர் ஒரு ஸ்டூலை எடுத்துக்கொண்டு கட்டிலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மெஷினுக்கு முதுகைக் காட்டிப் போட்டு உட்கார்ந்தார். நர்ஸ் ஊசியின் உறையைப் பிரித்த சத்தத்துக்கு அவர் தோள் குலுங்கியது. எழுந்திருக்கவில்லை.